சுற்றுலா அனுமதியில் மலேசியா சென்று சிக்குவோரைக் காக்கக் காரைக்குடியில் வழிகாட்டு மையம் கோரும் மனு

அனுப்புநர்:
சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களைச் சேர்ந்த, மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியோர் மற்றும் அங்கிருப்போரின் குடும்பத்தார்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பொருள்: உரிமமற்ற ஏஜென்டுகள் மீது நடவடிக்கை, வழிகாட்டு மையம், விரைவான அடையாளச் சரிபார்ப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'டூரிஸ்ட்டில்' மலேசியா போய், வேலை பெர்மிட் இல்லாமல் 'கோசோங்' (ஆவணமற்றவர்) ஆவது தொடர்கிறது. கண்மாயை நம்பிய ஒருபோக நெல்லும், அடகில் கிடக்கும் நகையும், தங்கை கல்யாணமும் ஊரைவிட்டுக் கிளப்பும். ஆனால் தவறான வழியில் கிளப்புவது வேறு.

2023 மார்ச்சில் மலேசிய அரசு புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டை நிறுத்தியது. நம்மவர் அதிகம் போகும் முடிதிருத்தகத்துக்கோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கட்டுப்பாடு. அதே 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்றானது. வேலைக்குப் போகும் வழி அடைபட்ட ஆண்டிலேயே சுற்றிப் பார்க்கும் வழி திறந்துகொண்டது. ஏஜென்டுகளின் பிழைப்பு இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அவர்கள் செய்வது இதுதான். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, அதிகாரிகளிடம் காட்டுவதற்கென்று கையில் கொஞ்சம் பணம். திருச்சி விமான நிலையத்தில் கேட்டால் "சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லப் பயிற்சி. "அங்கே போய் பெர்மிட் அடித்துக்கொள்ளலாம்" என்பது பெரிய பொய். சுற்றுலா அனுமதியை வேலை பெர்மிட்டாக மாற்ற முடியாது. இடையிடையே அந்நாடு சட்டவிரோதமாகத் தங்கியோரைப் பதிவு செய்து பெர்மிட் கொடுத்ததுண்டு. எப்படியும் இன்னொன்று வரும் என்ற நப்பாசையை ஏஜென்ட் காசாக்குகிறார்.

31ஆம் நாள் முதல், அப்படிப் போய்த் தங்கியவர் குற்றவாளி. அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி அதிகம் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். சம்பளம் கேட்டால் போலீஸைக் காட்டுவார். பிடிபட்டுத் திரும்பியவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடுவதால் விமானத்தில் மறுபடி போக முடியாது. அப்போதுதான் இந்தோனேசியா வழியாக, அந்நாட்டுப் பாத்தாம் தீவிலிருந்து படகில் மலேசியாவின் ஜொகூர் கரை என்று பேச்சு தொடங்குகிறது. விளக்கை அணைத்து, அளவுக்கு மீறி ஆளேற்றி, இரவில் ஓட்டும் சிறு படகுகள். ரோந்துப் படகைக் கண்டால் கரைக்கு முன்பே சேற்றில் இறக்கிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இராது. இதற்குச் சிறையோடு 6 பிரம்படி வரையும் உண்டு.

முறையான வழியில் போக, நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய்; ஜிஎஸ்டியோடு 35,400. இங்கே வாங்குவது லட்சக் கணக்கில், ரசீதின்றி. சப் ஏஜென்ட் என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குக் குடிபெயர்வு அனுமதியும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் கட்டாயம். சுற்றுலாவில் போனவருக்கு இரண்டும் இல்லை. இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் குடும்பத்தின் தலையில்.

எனவே கோருவது:

காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரம் ஒருநாளாவது, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவர் உரிமத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் சரிபார்த்துச் சொல்ல ஒருவரை அமர்த்த வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யத் தெரியாமல்தான் லட்சங்கள் போகின்றன.

ஏஜென்ட் மீது புகார் கொடுத்தால் 'கொடுக்கல் வாங்கல் தகராறு' என்று திருப்பி அனுப்பாமல், குடிபெயர்வுச் சட்டத்தின் 10, 24ஆம் பிரிவுகளில் வழக்குப் பதியக் காவல் துறைக்கு அறிவுறுத்த வேண்டும்.

பாஸ்போர்ட் இழந்தவர் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் நாடு திரும்புவதற்கான அவசரச் சான்று பெற, இங்கே அடையாளச் சரிபார்ப்பு முடிய வேண்டும். அதற்கு ஒரு தனி அலுவலரும் காலக்கெடுவும் தேவை. இதுவே எங்கள் முதன்மையான கோரிக்கை. 2024 மார்ச் 1இல் மலேசியா தொடங்கிய திட்டத்தில் 500 ரிங்கிட் கட்டினால் சிறையின்றித் திரும்பலாம் என்றிருந்தது. அத்தகைய சலுகைக்குக் கெடு உண்டு. சான்று வருவதற்குள் கெடு முடிந்தால் மிஞ்சுவது தடுப்பு முகாம்தான்.

அடுத்த கிராம சபைக் கூட்டங்களில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலை ஒட்டவும் ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பாஸ்போர்ட் நகல்கள்.