உறுதியை இப்போது என் பெயருக்கு மாற்ற வேண்டாம்

ஸ்கார்பரோ

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் சுகத்தையும் தங்கச்சியின் சுகத்தையும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படியென்று நீங்கள் எழுதவேயில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

முதலில் அவசரமான பதில். ஊர் வீட்டை நன்கொடை உறுதியாக (பத்திரமாக) என் பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் நாள் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவையுங்கள். மேற்குப் பக்கத்துக் காணியை விற்று உண்டியலில் (வங்கியில்லாமல் ஆட்கள் மூலம்) காசு அனுப்பும் யோசனையையும் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

"இரண்டு பேரும் உழைக்கிறீர்கள், வாடகைக்குக் கட்டுகிற காசை வீட்டுக்குக் கட்டினால் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே கனடாவில் முதல் வீடு வாங்க நினைக்கிறவர்களில் பலரைத் தடுப்பது மாதத் தவணை அல்ல. வாங்கும் நாளில் கையில் இருக்கவேண்டிய காசும், அது எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டிய கடதாசிகளும்தான்.

ரொறன்ரோ வட்டாரத்தில் வீட்டின் சராசரி விலை 2022 பெப்ரவரியில் 13 இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்த மார்ச் மாதத்திலிருந்து கனடா மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, 0.25 வீதமாக இருந்ததை 2023 ஜூலையில் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. விலை இறங்கியது, ஆனால் கடன் எடுக்கும் தகுதியும் அதோடு இறங்கியது. பிறகு வட்டி குறைந்தும், இரண்டு சாதாரணச் சம்பளத்துக்கு எட்டும் உயரத்தில் வீடு இல்லை.

8 இலட்சம் டொலர் வீட்டையே கணக்குக்கு எடுப்போம். அந்த விலைக்கு இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சுவரோடு சுவர் ஒட்டிய ரவுன்ஹவுஸ்தான் கிடைக்கும். டவுன் பேமன்ட் (கையிலிருந்து போடும் முன்பணம்) முதல் 5 இலட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். அதாவது 25,000 உம் 30,000 உம் சேர்த்து 55,000 டொலர். இந்த வழி 15 இலட்சத்துக்குக் குறைந்த விலையுள்ள வீட்டுக்குத்தான். 2024 டிசம்பர் 15 வரை அந்த எல்லை 10 இலட்சமாக இருந்தது.

20 வீதத்துக்குக் குறைவாகப் போட்டால் மோட்கேஜுக்கு (வீட்டுக்கடனுக்கு) காப்புறுதி கட்டாயம். அது வங்கியைக் காக்கும் காப்புறுதி, கட்டணம் எங்களுடையது. 10 வீதம்கூடப் போடாதவர்களுக்குக் கடனில் 4 வீதம், 30 வருடத் தவணை என்றால் 4.2 வீதம். 7,45,000 டொலர் கடனுக்கு 31,290 டொலர் வரும். இதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் அதன்மேல் ஒன்ராறியோ மாகாணம் போடும் 8 வீத விற்பனை வரி, ஏறத்தாழ 2,500 டொலர், கையிலிருந்துதான் போகவேண்டும். இந்த 2,500 ஐ ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சட்டத்தரணி கடைசி வாரத்தில் அனுப்பும் கணக்கில்தான் தலைகாட்டும்.

அடுத்தது காணி மாற்று வரி. 8 இலட்சத்துக்கு ஒன்ராறியோ மாகாணத்துக்கு 12,475 டொலர். வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால் நகரத்துக்கும் இன்னொரு 12,475. ஸ்கார்பரோ ரொறன்ரோவுக்குள் அடக்கம். கிழக்கே பிக்கரிங் எல்லையைத் தாண்டிவிட்டால் நகர வரி இல்லை. இந்த வேறுபாட்டுக்காகவே கணக்கப் பேர் பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் போகிறார்கள். பிறகு நகரத்து வேலைக்கு வந்துபோகும் பெற்றோல் செலவில் அந்த மிச்சத்தில் பாதி கரைந்துவிடும் என்பது வேறு கதை.

முதல் வீடு வாங்குபவருக்கு இந்த வரியில் கழிவு உண்டு: மாகாணம் 4,000 வரை, ரொறன்ரோ 4,475 வரை. இரண்டும் சேர்த்து 8,475 டொலர். உங்கள் உறுதி குறுக்கே வருவது இங்கேதான். வாங்குபவர் உலகத்தில் எங்கேயும், எப்போதும், ஒரு வீட்டில் உரித்து வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். யாழ்ப்பாணமும் அந்த உலகத்துக்குள்தான். காசு கொடுத்து வாங்கியதா, நன்கொடையா, சீதனமா என்ற பேதம் இல்லை. சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) உங்களுக்கென்று வைத்து எழுதினாலும் உறுதியில் பெயர் என்னுடையது, கழிவு போய்விடும். உங்கள் மருமகனுக்கும் போய்விடும், ஏனென்றால் கலியாணம் கட்டியிருக்கும் காலத்தில் கணவனோ மனைவியோ வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தால் மற்றவரும் கழிவு கேட்க முடியாது. வெறுங்காணி வேறு, வீடு வேறு. தடையாக நிற்பது வீடு.

அதை மறைத்து எழுதிக் கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவது நாங்கள். பிறகு பிடிபட்டால் வரியையும் வட்டியையும் கட்டுவதும் நாங்களே.

ஆகவே வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மனம் ஆறவில்லையென்றால் மரணசாசனம் எழுதி வையுங்கள், அது இப்போது எனக்கு உரித்து எதுவும் தராது. தங்கச்சி பெயருக்கு எழுத விரும்பினாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவளும் இந்தப் பக்கம் வரும் எண்ணத்தில் இருந்தால் அவளுக்கும் இதே சட்டம்தான்.

இன்னொன்று: "நாங்கள் காசு தந்தால் எங்கள் பெயரையும் போடலாமே" என்று அம்மா கேட்டிருந்தா. போடவே கூடாது. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவர்கள் வீடு வாங்க 2023 ஜனவரி 1 இலிருந்து தடை இருக்கிறது. அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். தடை எடுபட்டாலும் ஒன்ராறியோவில் வெளிநாட்டவருக்கு 25 வீத வரி, ரொறன்ரோவுக்குள் அதற்குமேல் 10 வீதம். பல பெயரில் ஒரு பெயர் வெளிநாட்டவருடையது என்றாலும் வரி முழு விலைக்கும் விழும். 8 இலட்சத்துக்கு 2,80,000 டொலர்!

வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். உண்மையான வட்டியில் தவணை கட்ட முடிந்தால் போதாது. அதோடு 2 வீதம் கூட்டினாலோ அல்லது 5.25 வீதத்திலோ, எது பெரிதோ அதில் கட்டக்கூடிய சம்பளம் இருக்கவேண்டும். வட்டி 4.25 வீதம் என்று வைத்தால் மேலே சொன்ன கடனுக்கு 30 வருடத்தில் மாதம் ஏறத்தாழ 3,800 டொலர். சோதிப்பது 6.25 வீதத்தில், 4,740 டொலருக்கு. அதோடு வீட்டு வரியும் சூடாக்கும் செலவும் சேர்ந்து 5,200 அளவில் வரும். இது வரிக்கு முந்திய சம்பளத்தில் 39 வீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் இருவர் சம்பளமும் சேர்ந்து வருடம் 1,60,000 டொலர் வேண்டும்.

மற்றக் கடன்களும் சேர்ந்தால் எல்லை 44 வீதம். அந்தச் சம்பளத்தில் இடைவெளி மாதம் 660, 670 டொலர் மட்டும்தான். அதற்குமேல் கார்த் தவணையில் கூடும் ஒவ்வொரு 100 டொலருக்கும் வீட்டுக்கடன் ஏறத்தாழ 16,000 டொலர் குறையும். வீடு வாங்க முதல் புதுக் கார் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீட்டை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது கிரெடிட் ஸ்கோரில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் புள்ளியில்) ஏறாது. எடுத்த சீட்டுக் காசைக் கணக்கில் போட்டால் வங்கி "இது எங்கிருந்து?" என்று கேட்கும். டவுன் பேமன்ட் காசுக்கு 90 நாள் கணக்கு விபரம் காட்டவேண்டும். அந்த 90 நாளுக்குள் திடீரென்று விழுந்த பெரிய தொகை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேண்டும். ஆகவே சீட்டை எடுப்பதென்றால் வீடு பார்க்கத் தொடங்குவதற்கு நாலைந்து மாதம் முன்னரே எடுத்து, கணக்கில் போட்டு, தொடாமல் வைத்திருக்கவேண்டும்.

உண்டியல் காசு அதைவிடச் சிக்கல். அங்கே நீங்கள் ரூபாய் கொடுப்பீர்கள். இங்கே முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து டொலர் துண்டு துண்டாக வந்து விழும், அல்லது ஒருவர் கடை வாசலில் கவரில் தருவார். அந்தக் காசுக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. ரொக்கமாக 10,000 டொலரோ அதற்கு மேலோ போட்டால் வங்கி ஃபின்ட்ராக்குக்கு (கறுப்புப் பணத்தைக் கண்காணிக்கும் அரச அமைப்புக்கு) அறிக்கை அனுப்பவேண்டும் என்பது சட்டம். அறிக்கை போவதால் குற்றம் என்று அர்த்தமில்லை. ஆனால் மோட்கேஜ் தருபவர் அந்தக் காசைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் எல்லாம் வீண்.

பெற்றோர் தரும் அன்பளிப்பை வங்கிகள் ஏற்கும். தேவையானவை: திருப்பித் தரத் தேவையில்லை என்று நீங்கள் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதம் (படிவம் இங்கே வங்கியே தரும்), காசு இருந்த உங்கள் கணக்கின் விபரம், காணி விற்ற உறுதியின் பிரதியும் மொழிபெயர்ப்பும், உங்கள் கணக்கிலிருந்து நேரே என் கணக்குக்கு வந்ததைக் காட்டும் வங்கி ரசீது. அங்கிருந்து காசு வெளியே அனுப்புவதற்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருப்பதால், காணியை விற்க முதல் உங்கள் வங்கியில் போய் எவ்வளவு, எந்தக் கணக்கினூடாக அனுப்பலாம் என்று எழுத்தில் கேளுங்கள். விற்றுவிட்டுக் காசு அங்கே முடங்கினால் காணியும் இல்லை, வீடும் இல்லை. ஒரு கனடா டொலர் 200 ரூபாய்க்கு மேல் போகும்போது 55,000 டொலர் என்பது ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேல். அந்தக் காணி அவ்வளவு போகாது, போனாலும் உங்கள் வயதுகாலத்துக் காசு அது.

நாங்களாகவே சேர்க்க நல்ல வழி ஒன்று உண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் ஒருவர் வருடம் 8,000 டொலர், மொத்தம் 40,000 வரை போடலாம். போடும்போது வருமான வரியில் கழியும், வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் இடம் சேரும், ஆகவே காசில்லாவிட்டாலும் திறந்து வைத்துவிட வேண்டும். இந்தக் கணக்குக்கு விதி வேறு: சொந்த வீட்டில் குடியிருந்தோமா என்றுதான் பார்ப்பார்கள், அதுவும் இந்த வருடமும் முந்திய நாலு வருடமும் மட்டும். ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்தும் ஒருவர் 60,000 டொலர் வரை எடுக்கலாம். அதைப் பிறகு 15 வருடத்தில் திருப்பிப் போடவேண்டும், எடுக்க முதல் 90 நாள் அங்கே கிடந்திருக்கவும் வேண்டும்.

இதில் பலர் மாட்டுப்படும் இடம் ஒன்று. வீட்டுக்காரர் எங்கள் விலையை ஒப்புக்கொண்டால் வழக்கமாக 24 மணித்தியாலத்துக்குள் வைப்புப்பணத்துக்கு வங்கி டிராஃப்ட் கொடுக்கவேண்டும். பெரும்பாலும் விலையில் 5 வீதம், இங்கே 40,000 டொலர். முதல் வீட்டுக் கணக்கிலிருந்து வரியில்லாமல் எடுக்கவோ கையெழுத்தான ஒப்பந்தம் முதலில் வேண்டும், படிவம் நிரப்பிக் காசு வர நாட்கள் எடுக்கும். ஆகவே வைப்புப்பணம் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் தனியாக நிற்கவேண்டும்.

போட்டிக்கு நாலு பேர் நின்றால் ஏஜென்ட் "கடன் நிபந்தனையை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் வீடு கிடைக்கும்" என்பார். எடுத்துவிட்ட பிறகு வங்கியின் மதிப்பீட்டாளர் அதே வீட்டுக்கு 7,70,000 தான் பெறுமதி என்று எழுதினால், கடன் அந்தத் தொகைக்குத்தான். 55,000 க்குப் பதில் 82,000 டொலர் கையில் வேண்டும். இல்லையென்றால் வைப்புப்பணம் போகும், அதற்குமேல் வழக்கும் வரலாம். கட்டி முடியாத கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) படத்தில் பார்த்து 2021, 2022 இல் ஒப்பந்தம் போட்டவர்கள் பலருக்கு நடந்தது இதேதான். கட்டி முடிய விலை இறங்கிவிட்டது, வங்கி ஒப்பந்த விலைக்குக் கடன் தர மறுத்துவிட்டது.

பேஸ்மென்டை வாடகைக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சமாளிக்கலாம், அது அனுமதி எடுத்துக் கட்டியதாக இருந்தால். பழைய வீட்டில் கூரை உயரம் 1.95 மீற்றர் வேண்டும், ஏறத்தாழ ஆறடி ஐந்து அங்குலம். சூடாக்கும் குழாய் போகும் இடத்தில் தலை இடிக்கும் பேஸ்மென்டுகள் ஸ்கார்பரோவில் தாராளம். ஆபத்தில் ஆள் வெளியேறக்கூடிய சன்னல், இரண்டு குடித்தனத்துக்கும் இடையே நெருப்புத் தாங்கும் தடுப்பு, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் புகை எச்சரிக்கை மணி எல்லாம் வேண்டும். அனுமதி இல்லாத பேஸ்மென்டின் வாடகையை வங்கி வருமானமாக எடுக்காமல் விடலாம், தீ விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிக்கலாம்.

எல்லாம் கூட்டினால், ரொறன்ரோவுக்குள் 8 இலட்சம் டொலர் வீட்டுக்கு டவுன் பேமன்ட், கழிவு போக 16,475 டொலர் காணி வரி, காப்புறுதிமேல் வரி, சட்டத்தரணி, வீட்டைச் சோதிப்பவர் என்று 77,000 டொலர் அளவில் வேண்டும். கழிவு இல்லையென்றால் 85,000 ஐத் தாண்டும்.

நொத்தாரிசுக்கு நாளைக்கே சொல்லிவிடுங்கள். உறுதி ஏற்கனவே எழுதிப் பதிவாகிவிட்டதென்றால் அதை உடனே ரத்துச் செய்ய ஓடவேண்டாம், ஒருமுறை பெயர் ஏறினால் பிறகு எடுத்தும் பயனில்லை. பதிவான திகதியை மட்டும் எழுதி, உறுதியின் பிரதியை அனுப்புங்கள்.

தங்கச்சிக்குப் பரீட்சை எப்போது என்றும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்