தையல் ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அம்மா அவர்களுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், ஐக்கியத்துச் சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் இந்த ஆண்டும் வியாழக்கிழமைதோறும் சபை மண்டபத்தில் கூடினோம். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் கூடவில்லை. வேலூர் வெயிலில், பகல் மூன்று மணிக்கு, மடியில் போர்வையைப் போட்டுத் தைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்.

துணிக்குக் குறைவில்லை. தையல்கடை பாய் வாராவாரம் ஒரு பை நிறைய வெட்டுத்துணி எடுத்துவைக்கிறார், காசு வாங்குவதில்லை. குடியாத்தம் லுங்கித் துண்டும், ஆரணிப் பட்டின் கிழிந்த முந்தானையும், ஆம்பூரிலிருந்து வரும் சகோதரியின் பழைய சுடிதாரும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. இந்த ஊர்களெல்லாம் சேர்ந்திருந்த வட ஆற்காடு மாவட்டத்தை 1989-இல் இரண்டாக வெட்டினார்கள். மிச்சமிருந்த வேலூரை 2019-இல் மூன்றாக்கினார்கள். எங்கள் மூட்டைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வைத்த பெரிய போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தவறு முழுக்க என்னுடையது, பதிவில் இருக்கட்டும். பழைய வேட்டியும் சேலையும் சேர்த்துத் தைத்த அந்தப் போர்வைக்குச் சுற்றிலும் சிவப்புக் கரை வைக்க, லாங் பஜாரில் புதுத் துணி வாங்கினேன். "ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தைம்மா" என்றார் பொருளாளர் அக்கா. நேரமில்லை என்று அப்படியே தைத்துவிட்டேன். ஏலம் எடுத்த வீட்டில் ஒரே தடவை அலசியதும் கரை சுருங்கி, போர்வை அப்பளம் போல் நெளிந்து, இரண்டு இடத்தில் வேட்டித் துண்டு கிழிந்து, திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்தில் ஐயா மாற்கு 2:21-ஐ எடுத்து வாசித்தார்: பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை, அதாவது புதுத் துணியை, இணைத்தால் கிழிசல் அதிகமாகும் என்ற வசனம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோடித்துண்டு பழைய வஸ்திரத்தை ஏன் கிழிக்கிறது என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததேயில்லை. பழையது எத்தனையோ துவையல் பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. கோடி தண்ணீரே பாராதது. அது சுருங்கும்போது பக்கத்துத் துணியைப் பிடித்து இழுக்கிறது. இயேசு அங்கே பேசியது உபவாசத்தைப் பற்றி, என் கரையைப் பற்றியல்ல என்பது எனக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களையும் இப்படித்தான் முதலில் ஊறப்போட வேண்டும் என்று ஒரு சகோதரி சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை.

ஏனென்றால் அந்தப் போர்வையைக் காப்பாற்றியதே புதிதாக வந்தவர்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அப்படி மகனின் சிகிச்சைக்காக லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வங்காளத்து அம்மா, மண்டபத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் சங்கு வளையல், வகிட்டில் குங்குமம். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது. நெளிந்த போர்வையை இழுத்து மடியில் போட்டார். தன் பழைய சேலையை அடியில் வைத்து, அதன் கரையிலிருந்தே நூலை உருவி, நெருக்க நெருக்கமாக நேர்த்தையல் ஓட்டத் தொடங்கினார். அவர்கள் ஊரில் இதற்குக் காந்தா என்று பெயர். அந்தத் தையலுக்குச் சுருக்கம் குறையே இல்லை. நெளிவெல்லாம் பாலாற்று மணலில் காற்று போட்ட கோடு மாதிரி ஆகிவிட்டது. வாலாஜா அத்தை மட்டும், தையல் கோணல் என்று முணுமுணுத்தார். மறுவாரம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அந்த வங்காளத்து அம்மாவைச் சேர்த்துக்கொண்டது சரியா என்று கமிட்டியில் கேட்டார்கள். ஏழைகளுக்கு உதவிய தொற்காள் இறந்தபோது, அவள் தைத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று வேதத்தில் படிக்கிறோம். தொற்காள் அளவெடுக்கும்போது ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டதாக வேதத்தில் இல்லை என்று பதில் சொன்னேன். பேச்சு அத்தோடு நின்றது. மனஸ்தாபம் ஓரிருவருக்கு இன்னும் இருக்கிறது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். மகன் நடக்கிறான். ஏலம் எடுத்த வீட்டார் போர்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கூடுதலாகக் காணிக்கையும் கொடுத்தார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டே விண்ணப்பம். புதுத் துணி கொண்டுவருகிறவர்கள் ஊறவைத்து, காயவைத்துக் கொண்டுவரவும். சங்கத்துப் பெரிய கத்தரிக்கோலை எடுத்துச்சென்றவர், அதில் காகிதமே வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, திருப்பித் தந்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்