தோட்டத்துப் பொருள்களை விளக்கத் தோட்டத்தாரையே அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சி ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டும் கத்தி, வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி என எல்லாவற்றையும் அக்கறையோடு சேகரித்து வைத்திருந்தார்கள். ஆயினும் பொருளின் பெயரையும் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்பதையும் தவிர, பலகைகளில் வேறெதுவும் இல்லை.

விடியுமுன்பே ஏன் நிரைக்கு, அதாவது பால் வெட்டும் மர வரிசைக்கு, போக வேண்டியிருந்தது என்று ஒரு சிறுவன் கேட்டால், அங்கே விடை கிடைக்காது. இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் கூடியிருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து வடிவதும் தளர்ந்துவிடும். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால், தாய்மார்கள் இருட்டிலேயே அடுப்பு மூட்டியதும், தூக்கம் கலையாத பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஓடியதும் எதனால் என்பது பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கும்.

அன்று அங்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், பேழைக்கு முன்னால் நின்று, கத்தியைப் பிடிக்கும் விதத்தை வெறுங்கையாலேயே மாணவர்களுக்குக் காட்டினார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும் என்றும், கத்தி பட்டைக்கு உள்ளிருக்கும் கட்டையைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அடுத்த முறை அந்த இடத்தில் கத்தி ஓடாது என்றும், காயம் பட்ட மரத்துக்குக் மேற்பார்வை பார்க்கும் கங்காணியிடம் பதில் சொல்ல வேண்டும் என்றும் அவர் விளக்கியபோது, அதுவரை வேகமாகக் கடந்து போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. நினைவுச் சின்னங்களுக்கான பன்னாட்டு மன்றமான இக்கோமோஸ் 2008இல் கியூபெக்கில் ஏற்றுக்கொண்ட சாசனம், ஓர் இடத்தின் சிறப்பை அறிய அங்கு வாழ்ந்தோரின் நினைவுகள் முக்கிய ஆதாரமாக இருக்குமானால், அவர்களுடைய வாய்மொழிச் சான்றுகளை விளக்கத்தில் சேர்க்க வேண்டும் என்றும், அச்சமூகத்தாரே நேரில் விளக்குநராகப் பங்கேற்கலாம் என்றும் தெளிவாகக் கூறுகிறது.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு. 1877இல் நடப்பட்ட பழைய ரப்பர் மரம் கோலகங்சாரில் இருக்கிறது. விதை பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த கதை பலருக்கும் தெரியும். அந்த மரத்தின் வழித்தோன்றல்களில் பால் வெட்டியவர்களின் கதையும் அதன் நிழலிலேயே சொல்லப்பட வேண்டியதாகும். சுங்கை சிப்புட்டைப் பற்றிப் பேசுவோர் 1948 ஜூன் 16இல் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையடுத்து வந்த அவசரகாலத்தையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வாழ்ந்த குடும்பங்களின் நினைவுகளும் அதே அளவு இடம் பெறத் தக்கவை.

பால் வெட்டிய தலைமுறையினர் முதுமையடைந்து வருகிறார்கள். ஆகவே கண்காட்சி அமைப்போர் முதலில் அவர்களுடைய குரலைப் பதிவு செய்து, அவர்கள் சொன்ன சொற்களிலேயே தமிழிலும் மலாயிலும் பலகைகளை எழுத வேண்டும். முனை மழுக்கிய கத்தி ஒன்றையும் ஒரு மரத்துண்டையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வெளியே வைக்கலாம். முதியவர்களை ஒருநாள் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், மற்ற வழிகாட்டிகளுக்குக் கொடுப்பதைப் போன்ற ஊதியமும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, பள்ளி விடுமுறை நாள்களில் முறையாகப் பணியமர்த்துமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகர்,
சுங்கை சிப்புட், பேரா