சதுர வாட்சும் கடைசி ஓட்டையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நீ வாட்ச் போட்டோ அனுப்பி இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. கீழே ஒரு வரிகூட நீ எழுதவில்லை. நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டதோடு சரி. போனில் தட்டி எழுதினால் நினைத்தது வருவதில்லை. அதனால்தான் இந்த லெட்டர்.

வாட்ச் ரொம்ப நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடையைச் சாத்திவிட்டு, போட்டோவைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை டயல். மூலையில் இருக்கிற ரோமன் எண்கள் நடுவைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே தண்டவாளம் மாதிரி நிமிஷக் கோடு. நாலாம் மணிக்கு நாலு கோடும் நேராகப் போட்டிருக்கிறார்கள், பழைய முறை. 1917-ல் பாரிஸில் லூயி கார்ட்டியே வரைந்த சாயல் அப்படியே இருக்கிறது. முதல் உலகப் போரில் ஓடிய ரெனோ டாங்கியை மேலேயிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை, நடுவில் பெட்டி. அதைப் பார்த்துத்தான் அந்த வாட்சுக்கு டாங்க் என்றே பெயர் வைத்தார்களாம். 1931-ல் வந்த ரிவர்ஸோவும் சதுர வாட்ச் என்று நாம் சொல்கிற நீள்சதுரம்தான். நம் நாட்டில் போலோ ஆடிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால், டயலை உள்பக்கம் திருப்பிக்கொள்கிற மாதிரி செய்த வாட்ச் அது. தாத்தா உனக்கு இதையெல்லாம் சொல்லியிருப்பார். ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டு உனக்குச் சொன்னதில் பாதிகூட அவர் எனக்குச் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த சதுரத்தை ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், அது கை போகிற வழியிலேயே தானும் போகும் என்பேன். மணிக்கட்டும் நீளவாக்கில்தானே இருக்கிறது. வட்ட வாட்ச் கையின் மேல் உட்காரும், சதுர வாட்ச் கையோடு படுத்துக்கொள்ளும். மெல்லிசாக இருப்பதால் சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழையும். தேதி கிடையாது, வினாடி முள் கிடையாது. பார்த்தால் மணியை மட்டும் சொல்லும், விரட்டாது.

ஆனால் வினாடி முள் இல்லாததால் அது சாவி கொடுக்கிறதா, செல் போட்டதா என்று போட்டோவில் எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் இருக்கிற குமிழை வெளியே இழுக்காமல் மெதுவாகச் சுற்றிப் பார். விரலில் கரகர என்று பட்டால் சாவி வாட்ச். தினமும் காலையில் ஒரே நேரத்துக்குச் சாவி கொடு. இறுகிக்கொண்டு வருவது விரலுக்கே தெரியும், அதோடு நிறுத்திவிடு.

தண்ணீர் படவிடாதே. வட்ட வாட்சின் பின்மூடியில் மரை போட்டு இறுக்கலாம். சதுரத்துக்கு அது முடியாது, அழுத்தித்தான் மூட வேண்டும், இல்லையென்றால் நாலு மூலையிலும் குட்டித் திருகு போட வேண்டும். மூலை வழியாக ஈரம் போய்விடும். இங்கே நாற்று நட்ட கையோடு கழற்றாமல் கொண்டுவந்து நீட்டுகிற வாட்சுகளில் டயல் பூத்துப்போய் இருப்பதை எத்தனை பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது கழற்றி வை. வேளைக்குச் சாப்பிடு.

சாப்பாட்டை ஏன் சொல்கிறேன் என்றால், வார் கடைசி ஓட்டையில் இருக்கிறது. புது வார், மற்ற ஓட்டைகளில் பின் ஏறின தடமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் உன் வாட்சுக்கு வார் மாற்றினதெல்லாம் நான்தானே. அப்போதெல்லாம் உனக்கு மூன்றாம் ஓட்டை. கல்யாணத்துக்கு எடுத்த வளையல்களும் அந்தக் கையில் இல்லை. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகத் தொந்தரவாக இருக்கும், சரி.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கப் போவதில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு நீங்கள் வருவீர்கள் என்று காப்பரிசி கிளறினாள், காதோலை கருகமணி வாங்கினாள், உனக்கென்று மஞ்சள் கயிறும் வாங்கினாள். கயிறு இன்னும் காகிதத்தில் சுற்றினபடி சாமி மாடத்தில் இருக்கிறது. அவள் எடுத்து வைக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டால் சித்திரையிலிருந்தே நீ "ம்" என்றுதான் சொல்கிறாய்.

முள்ளு நீலமாக இருக்கிறதே, அது சுட்ட நீலமா, பூசின நீலமா? விளக்குக்குக் கீழே கையைத் திருப்பிப் பார். ஒரு சாய்வில் கறுப்பாகவும் இன்னொரு சாய்வில் பளிச்சென்று நீலமாகவும் தெரிந்தால் அது சுட்டது. தாத்தா பித்தளைத் தூள் மேல் முள்ளை வைத்து, கீழே ஸ்பிரிட் விளக்கைக் காட்டுவார், நினைவிருக்கிறதா? மஞ்சள், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். நீலம் வந்த நொடியில் சாமணத்தால் எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் சாம்பலாகிவிடும். "இப்ப எடுங்க தாத்தா" என்று நீதான் கத்துவாய். ஒரு தடவைகூட நீ தப்பாகச் சொன்னதில்லை. நம் வீட்டில் இந்தத் தொழிலுக்கான கண் உனக்குத்தான் இருந்தது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

தாத்தாவின் பினாங்கு வாட்ச் மாதிரியே ஒன்றைத் தேடிப் பிடித்து, உன் சம்பளத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் எழுதாமல் எனக்கு அனுப்பியிருக்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை, பாப்பா.

தாத்தாவின் அந்த வாட்ச் உன்னுடையது. பதினேழு கல் வைத்த அந்த வாட்சுக்கு ஏழு வயதிலிருந்து காலையில் சாவி கொடுத்தவள் நீ. "இது பாப்பாவுக்கு" என்று தாத்தா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையிலும் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதிரில், வாட்ச் கடைக்காரன் வீட்டுச் சம்பந்தம் என்று ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக மேடையில் வைத்து அந்த வாட்சை மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். "யார் கையில் இருந்தால் என்ன" என்றேன். அடுத்த தீபாவளிக்கு அவர் கையில் வேறு வாட்ச் இருந்தது. கேட்டதற்கு, எங்கேயோ டிராயரில் கிடக்கும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை, ஒரு பொருள். போன வருஷம் தை மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் பண்ணி, "அப்பா, ஒரு பத்து நாள் அங்கே வந்து இருக்கட்டுமா?" என்றாய். பின்னால் ஒரு சத்தமும் இல்லை, டிவி சத்தம்கூட இல்லை. நான் என்ன சொன்னேன்? அறுப்பு நேரம், வீடெல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது, சித்திரையில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்க என்றேன். மூட்டை நாலுதான் இருந்தது, அதுவும் திண்ணையில். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். அம்மாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சேர்ந்து வர வேண்டாம். நீ வா. ராத்திரி மைசூர் ரயிலில் ஏறினால் காலையில் கும்பகோணம். எந்த நாள் என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் நிற்கிறேன். பெட்டியைப் பார்த்து எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன். தெருவில் யாராவது கேட்டால் என் மகள் வந்திருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

வாட்சைக் கட்டிக்கொண்டே வா, திறந்து பார்க்கலாம். மாடியறையை அம்மா கழுவிவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா

வார் இன்னும் தொளதொள என்று இருந்தால் அங்கே கடையில் கொடுத்துப் புது ஓட்டை போட்டுவிடாதே. அப்படியே கொண்டுவா.