இயந்திரம் பாடவில்லை, ஜான்தான் பாடினார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் புதிய பாட்டான 'நவ் அண்ட் தென்' பற்றி எட்டு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு வாக்கியம்: "43 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஜான் லெனனை ஏஐ பாட வைத்துவிட்டது." காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏஐ பாட வைக்கவில்லை ஐயா. ஜான் பாடினார். 1970-களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் டக்கோட்டா கட்டடத்தில் இருந்த தன் வீட்டில், பியானோ முன்னால் உட்கார்ந்து சாதாரண கேசட்டில் அவரே பாடிப் பதிந்துகொண்டது அது. அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1994-இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்த டேப்புகளை, ஜானோடு பீட்டில்ஸில் பாடிய பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அதிலிருந்துதான் 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்', 'ரியல் லவ்' என்ற இரண்டு பாட்டுகள் வந்தன. மூன்றாவதான 'நவ் அண்ட் தென்' மட்டும் நின்றுபோனது. 1995-இல் குழுவில் மிஞ்சியிருந்த பால், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூன்று பேரும் உட்கார்ந்து முயன்றுவிட்டுக் கைவிட்டார்கள். ஜார்ஜுக்கு அதில் மேற்கொண்டு மெனக்கெட மனமில்லை என்று பால் பின்னால் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

ஏன் கைவிட்டார்கள் என்பது எனக்குப் புரியும். 1982 முதல் 16 வருடம் திருச்சி பாலக்கரையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். வீட்டில் பதிந்த டேப்பில் கரண்ட் ஹம் ஏறியிருந்தால் என்ன பாடு என்று கை நோக அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் தன் கல்யாணத்து நாதஸ்வரம் பதிந்த கேசட்டைக் கொண்டுவந்தார். முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரே ஹம். எர்த் சரியில்லாத மண்டபம். நான் பேஸைக் குறைத்தேன், ஹம் குறைந்தது, கூடவே தவிலும் செத்துப்போனது. பேஸை ஏற்றினால் தவில் வந்தது, ஹம்மும் வந்தது. இரண்டு ராத்திரி போராடிவிட்டுக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். ஜானின் டேப்பிலும் அதே ஹம். அதோடு குரலும் பியானோவும் ஒரே டேப்பில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பியானோ எழும்பும் இடத்தில் குரல் அமுங்கிவிடும். குரலை மட்டும் தூக்க அன்றைக்கு உலகத்தில் எந்த ஸ்டூடியோவாலும் முடியாது.

அப்புறம் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் வந்தார். 1969 ஜனவரியில் பீட்டில்ஸை எடுத்த பழைய படச்சுருள்களை வைத்து 'கெட் பேக்' ஆவணப்படம் செய்தபோது, ஒரே டேப்பில் கலந்து கிடந்த பேச்சையும் கிடாரையும் தனித்தனியாகப் பிரிக்க அவருடைய குழு ஒரு முறையைக் கண்டுபிடித்தது. எது மனிதக் குரல், எது கிடார் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பிரிப்பது. அதே முறையில்தான் இந்த கேசட்டிலிருந்து ஜானின் குரலை எடுத்தார்கள். அரிசியிலிருந்து கல் பொறுக்குகிற வேலை. கல் பொறுக்கியவர் அரிசியை விளைவித்தார் என்று எழுதுவோமா? செயற்கையாக எதையும் உருவாக்கவில்லை என்று பால் 2023 ஜூன் மாதமே விளக்கம் சொல்லிவிட்டார். பாட்டு வந்தது நவம்பர் 2-ஆம் தேதி. நடுவில் நான்கு மாதம் இருந்தது.

வருத்தம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. நான் 1986 முதல் தங்கள் சந்தாதாரன். 2001-இல் ஜார்ஜ் ஹாரிசன் இறந்தபோது தங்கள் இதழில் மூன்று வரி வந்தது. ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், அவ்வளவுதான். அவர் கிடார் வாசித்தார் என்ற சொல்லே அதில் இல்லை. வங்கதேச அகதிகளுக்காக 1971-இல் நியூயார்க்கில் அவர் நடத்திய கச்சேரி இல்லை. அன்றைக்கும் எழுதினேன். என் கடிதத்தை வெட்டி, "ரவிசங்கரைப் பற்றி எழுதியதற்கு நன்றி" என்ற வரியை மட்டும் போட்டீர்கள். பிறகு ஒரு வருடம் ராக் இசை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு கட்டுரை. அதை எழுதியவர் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டிருந்ததற்கு அதில் அடையாளம் இல்லை. மார்கழி வந்தால் சபாக் கச்சேரிகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள். மகிழ்ச்சியோடுதான் படிக்கிறேன். நானும் அந்தக் கச்சேரிகளைப் பதிந்து விற்றுப் பிழைத்தவன். மற்ற இசைக்கு ராசிபலனுக்குக் கீழே எட்டு வரிதானா என்பதுதான் மனதில் உறுத்துகிறது.

இந்தப் பாட்டுகளை எனக்குக் காட்டியவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். 'ரிவால்வர்' இசைத்தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். "முள்ளைத் துடைத்துவிட்டுப் போடு தம்பி" என்பார். துடைத்தாலும் குனிந்து பார்த்த பிறகுதான் தட்டைத் தருவார். இந்தப் புதிய பாட்டின் பின்னணியில் வரும் சேர்ந்திசைக் குரல்களில் சில, அதே தட்டில் உள்ள 'எலினார் ரிக்பி', 'ஹியர் தேர் அண்ட் எவ்ரிவேர்' பாட்டுகளிலிருந்து எடுத்தவை. அவர் இன்று இல்லை. இருந்திருந்தால் முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் ஓடியிருப்பேன்.

நவம்பர் 2 சாயங்காலம் நம் நேரப்படி ஏழரை மணிக்குப் பாட்டு வெளியானது. ஏழு மணியிலிருந்தே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பியானோவுக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. ஹம் இல்லை, இரைச்சல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல. 64 வயதில் தேம்பி அழுதேன். 1995-இல் ஜார்ஜ் வாசித்து வைத்த கிடார் அதில் இருக்கிறது. ரிங்கோ இந்தப் பாட்டுக்காகப் புதிதாக டிரம்ஸ் வாசித்திருக்கிறார். பாட்டு வந்தபோது அவருக்கு 83 வயது. நடுவில் வரும் ஸ்லைடு கிடாரை ஜார்ஜின் பாணியிலேயே பால் வாசித்திருக்கிறார். போன நண்பனின் கையெழுத்தில் எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது. ஜானின் டேப்பில் இருந்த ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள் என்பது எனக்கும் குறைதான். எனக்கு அது பிடித்த பகுதி. ஆனாலும் அன்று ராத்திரி பதினொரு முறை கேட்டேன். 1962-இல் வந்த முதல் பாட்டான 'லவ் மீ டூ'வை இதே தட்டின் மறுபக்கத்தில் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் இது முதலிடம் பிடித்துவிட்டது. அவர்களுக்கு அங்கே முதலிடம் கிடைத்து 54 வருடம் ஆகியிருந்தது. தங்கள் எட்டு வரியில் இதற்கெல்லாம் இடமில்லாமல் போய்விட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி: "அந்தப் பாட்டில் ஒலிப்பது ஜான் லெனன் தானே பாடிப் பதிந்த குரல்." பாட்டின் பெயரையும் 'நவ் அண்ட் தேர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 'தென்' என்று திருத்திவிட்டால் போதும். இந்தக் கடிதத்தை வெட்டினால், பொன்மலைப் பெரியவரைப் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
பாலக்கரை, திருச்சி.