அந்த ஸ்டூலுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு, நல்லா சாப்பிடுறாரு, தூங்குறாரு. நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுத மனசுல தெம்பில்ல. நேரங்காலம் பாக்காம ஆஸ்பத்திரிக்கு கார் ஓட்டுனவங்க, ரசம் சாதம் கட்டிக் கொடுத்தவங்க, இன்சூரன்ஸ் பேப்பரோட எனக்காக மல்லுக்கட்டுனவங்க, ஊர்ல தனியா இருந்த அம்மாவுக்கு போன் போட்டு தைரியம் சொன்னவங்க, எல்லாருக்கும் கோடி நன்றி.

இன்னொருத்தங்களப் பத்தியும் சொல்லணும், அவங்க பேரு கூட கேக்கத் தோணல. போன ஞாயித்துக்கிழமை அப்பா கடலைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். சான் பிரான்சிஸ்கோ கடலோரப் பாறை மேல இருக்குற கிளிஃப் ஹவுஸ் கட்டடம் வரைக்கும் போயிட்டோம், ஆனா மணல்ல இறங்க அவரால முடியல. பின்பக்கம் ஜயன்ட் கேமரான்னு கேமரா மாதிரியே ஒரு குட்டிக் கட்டடம், உள்ள கும்மிருட்டு, கூரை மேல சுத்துற கண்ணாடி வெளிய இருக்குற காட்சிய லென்ஸ் வழியா கீழ இறக்க, நடுவுல குழிவான வெள்ளை மேஜைல கடல் உசுரோட ஓடுது. முழுசா ஒரு சுத்து வர ஆறு நிமிஷம் போல ஆகும். அப்பா கால் நடுங்குறதப் பாத்துட்டு டிக்கெட் கொடுக்குற அந்தம்மா தான் உக்காந்திருந்த ஸ்டூலயே தூக்கிட்டு வந்து போட்டாங்க, நாங்க கிளம்புற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் டிக்கெட் கொடுத்தாங்க. அப்பா மேஜை மேல கைய வச்சாரு. ஊசி குத்திக் குத்திக் கன்னிப்போன புறங்கையில அலை சத்தமே இல்லாம வந்து உடைஞ்சுது. நாலு சுத்து பாத்தோம், ஒரு வார்த்தை கேக்கல அவங்க.

வெளிய வந்தப்புறம் அவங்கதான் சொன்னாங்க, 1946ல ஃபுளாய்ட் ஜென்னிங்ஸ்ங்கறவர் கட்டுனது, 1957லதான் இந்த கேமரா வேஷம் போட்டாங்களாம். 1979ல இடிச்சிடலாம்னு பேச்சு வந்தப்போ ஊர்க்காரங்க விடவே இல்ல, 2001ல தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. அன்னைக்கு குரல் கொடுத்தவங்க யாருக்கும் எங்கப்பாவத் தெரியாது. ஆனா அவங்க சும்மா இருந்திருந்தா போன ஞாயிறு அந்த இருட்டு ரூமே இருந்திருக்காது, அதனால அவங்களுக்கும் சேத்துதான் இந்த மடல்.

அப்பா ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள அந்தம்மாவ நேர்ல பாத்து சொல்லணும். மூடுபனி வந்தா படம் மங்கிடுமாம், நல்லா வெயில் அடிக்கிற நாளா பாத்துப் போறோம்.