லிட்டர் எடையும் தலைச் சுற்றளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறி வரும் உங்கள் நாளிதழை முப்பது ஆண்டுகளாகக் குமுளியில் வாங்கிப் படிக்கிறேன். மிளகும் ஏலமும் வாங்கி விற்கும் சின்ன மலைச்சரக்குக் கடை என்னுடையது. போன ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் நடுவே ஒரு துண்டுப் பிரசுரம் செருகியிருந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ‘மூளை வளர்ச்சி’ என்பதை ‘முளை வளர்ச்சி’ என்று அச்சடித்திருந்தார்கள். பயறு வியாபாரமாக்கும் என்று நினைத்தேன். கீழே படித்தால், உயரமும் அறிவும் சேர்ந்து வளர ஒரு பொடியாம். டப்பா 2,800 ரூபாய். கூடவே, வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு தாள் நாடா. அதைப் பிள்ளையின் தலையில் சுற்றி அளக்க வேண்டும். நாடாவில் மூன்று நிறங்கள்: ‘சாதாரணம்’, ‘கெட்டி’, ‘மேதை’.

நான் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் மருமகள் என் ஒன்பது வயதுப் பேத்தியை அளந்து முடித்து, இரண்டு டப்பாவுக்குச் சொல்லியும் விட்டாள். பேத்தி வாசல்படியில் உட்கார்ந்து நாடாவை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியோடு நிறுத்தினால் ‘சாதாரணம்’. கொண்டையையும் சேர்த்துச் சுற்றினால் ‘கெட்டி’ வரை வந்தது. “தாத்தா, இப்படி அளந்தால் செல்லுமா?” என்று கேட்டாள்.

என் உயரம் நாலடி பத்து அங்குலம். பள்ளிக்கூடத்தில் ஓணத்துக்கு மாவேலி வேடம் யாருக்குப் போனாலும் வாமனன் நான்தான். பத்தொன்பது வயதில் ஓர் எஸ்டேட்டில் எடை எழுதும் வேலைக்குப் போனபோது, “தராசு முள் உன் கண்ணுக்கு எட்டுமா?” என்று துரை சிரித்து அனுப்பிவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தில் என் சொந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலை பெரிதானால் அறிவும் பெரிதாகுமா என்று உயிரியல் ஆசிரியையான என் மகளிடம் கேட்டேன். அவள் சொன்ன முதல் கதையே என் தொழிலைத் தொட்டது. சாமுவேல் மார்ட்டன் என்று பிலடெல்பியாவில் ஒரு மருத்துவர் இருந்தார். பல நாட்டு மண்டையோடுகளைச் சேர்த்துவைத்து, உள்ளே வெள்ளை மிளகைக் கொட்டி நிரப்பி, திரும்ப அளவையில் ஊற்றி, எந்த இனத்துக்கு எவ்வளவு மூளை என்று 1839-இல் புத்தகம் போட்டார். வெள்ளையரை உச்சியில் வைத்தார். தானியம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு காட்டியதால் பிறகு ஈயக் குண்டுக்கு மாறினாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. படியைத் தட்டி அளப்பதற்கும் தட்டாமல் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் கடைப் பையனுக்கே தெரியும். அவருடைய அளவுகள் சரியா தவறா என்று பிற்காலத்து அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். சரியாகவே இருக்கட்டும். கொள்ளளவு தெரிந்துவிட்டால் உள்ளே இருந்த சரக்கின் தரம் தெரிந்துவிடுமா?

மிளகில் பருமணிக்கு ஏற்றுமதியில் தனி விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாக்கைப் பிரித்ததும் நாங்கள் பார்ப்பது லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவையில் 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. உள்ளீடற்ற பொக்கு மணி கலந்திருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். சாறு எடுக்கும் ஆலைக்காரரோ முற்றாத சிறுமணியைத் தேடி வாங்குவார். எண்ணெயும் காரமும் அதில்தான் கூடுதல்.

மூளையையும் நிறுத்தே பார்த்திருக்கிறார்கள். 1955-இல் இறந்த ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம். சராசரி ஆண் மூளையைவிடக் குறைவு. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவுக்கு இரண்டு கிலோ. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்சுக்கு ஏறக்குறைய அதில் பாதி. பெண்களின் மூளை ஆண்களுடையதைவிடச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு சிறியது. அதனால் அறிவு குறைவு என்று என் வீட்டுக்காரியிடம் வந்து யாராவது சொல்லிப் பாருங்கள். எங்கள் தேக்கடிக் காட்டு யானைக்கு நாலரை, ஐந்து கிலோ மூளை. ஆப்பிரிக்க யானையின் மூளையில் நரம்பணுக்களை எண்ணியிருக்கிறார்கள்: 25,700 கோடி. நமக்கு 8,600 கோடிதான். ஆனால் யானைக்கு அதில் பெரும்பகுதி சிறுமூளையிலேயே தங்கிவிடுகிறது. யோசனைக்கு வேண்டிய பெருமூளைப் புறணியில் அதற்கு 560 கோடி, நமக்கு 1,600 கோடி.

தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். “அப்படி எழுதாதீர்கள் அப்பா, அதுவும் பொய்” என்றாள். 8,000 பேருக்கு மேற்பட்டவர்களின் ஸ்கேன் அளவுகளைத் திரட்டி 2015-இல் வந்த ஆய்வில் மூளைப் பருமனுக்கும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் 0.24 பொருத்தம். முழுப் பொருத்தம் என்றால் 1. 0.24-ஐ அதாலேயே பெருக்கினால், ஆளுக்கு ஆள் மதிப்பெண்ணில் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஆறு பங்குதான் மூளைப் பருமனோடு சேர்ந்து போகிறது என்று தெரியும். உயரத்துக்கு அதையும்விடக் குறைவு. கூட்டத்தின் சராசரியில் தெரிகிற இந்தச் சிறு சாய்வை வைத்துத் தனியொரு பிள்ளைக்கு நிறம் குத்துவது, ஒரு தாலுகாவின் சராசரி மழையை வைத்து என் தோட்டத்து மிளகுக்கு விலை பேசுவது போல.

உயரமும் அறிவும் சேர்ந்தே அடிபடுகிற இடம் ஒன்று உண்டு. வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும் சாப்பாடு போதாவிட்டால், அயோடின் கிடைக்காவிட்டால், எலும்பும் குறையும், மூளையும் குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் கேரளத்தில் நூற்றுக்கு 23.4, தமிழ்நாட்டில் 25. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே கதைதான். கைக்குழந்தையின் தலைச் சுற்றளவை மருத்துவர் மாதாமாதம் குறித்துவைப்பது இதற்காகத்தான், அது வேறு. ஒன்பது வயதில் வாசல்படியில் உட்காரவைத்து மேதையா என்று பார்க்க அல்ல.

இரண்டு டப்பாவுக்கு 5,600 ரூபாய். முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் 800 முட்டை. மருமகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். பதில் பேசவில்லை, ஆனால் டப்பா வந்தபோது வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்படிப்பட்ட தாள்களைச் செருகுவது முகவர் வேலை, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மலைச்சரக்கு வியாபாரி,
குமுளி.